சொந்தப் பெயரில் எழுதிய சீட்டு

அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. மூன்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது காலியாகக் கிடந்தது. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நடுவில் செயலாளர். அவருக்கு ஒரு பக்கம் எங்கள் டாக்டர். இன்னொரு பக்கம் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெளியே கொடைக்கானலின் காலை வெயில் பளிச்சென்று அடித்தது.

செயலாளர் ஒரு தாளை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ஓரத்தில் ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுது சார்."

"நீங்க யாரு?"

பதினாறு வருடமாக அவர்களிடம் வேலை பார்க்கிறேன். அவர் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான். என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார்.

"தெய்வானை சார். மேல்மலை மருந்தகத்து நர்ஸ்."

"நர்ஸுதானே? டாக்டர் இல்லையே?"

அது நடந்து இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் காய்கறி நறுக்கும்போது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மறு வேலை.

புதன்கிழமைக் கட்டு

அந்த நிறுவனத்தின் பெயரையும் நான் வேலை பார்த்த ஊரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்த சிலர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். ஓர் அறக்கட்டளை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. மலைக் கிராமங்களில் சின்னச் சின்ன மருந்தகங்கள். மருந்தகத்துக்கு ஒரு நர்ஸ், கூட்டிப் பெருக்க ஓர் அம்மா, இரண்டு கட்டில்.

என் மருந்தகம் போளூர்ப் பக்கம் போகிற மலைத் தடத்தில் இருந்தது. சுற்றிலும் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு. மழைக்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து பஞ்சு, துணி எல்லாவற்றையும் நமுத்துப்போக வைத்துவிடும். கைப்பேசி வந்துவிட்ட காலம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒரே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் அது பேசும்.

டாக்டர் புதன்கிழமை மட்டும் ஜீப்பில் வருவார். நல்ல மனிதர். நோயாளியைத் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்கிறவர். மதியம் கடைசி ஆளையும் பார்த்து முடித்ததும் ஒரு டம்ளர் டீ கேட்பார். டீ வந்ததும் நான் வெற்று மருந்துச் சீட்டுக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைப்பேன்.

ஒன்றும் எழுதாத சீட்டுகள். அடியில் அவர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டே போவார். பேசிக்கொண்டே போடுவார், டீ குடித்துக்கொண்டே போடுவார். ஒருமுறை விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து இடது கையால் போட்டார். கோழி கிளறினது மாதிரி இருந்தது. டவுன் மருந்துக் கடையில் அதையும் வாங்கிக்கொண்டு மருந்து கொடுத்தார்கள்.

அடுத்த புதன் வரைக்கும் அந்தச் சீட்டுகள்தான் மருந்தகம். வயிற்றுப்போக்கோடு பிள்ளை வரும், நெஞ்சுச் சளியோடு கிழவர் வருவார், அரிவாள் பட்ட காலோடு ஆள் வருவான். பார்ப்பது நான். முடிவு செய்வது நான். ஊசி போடுவதும் தையல் போடுவதும் நான். சீட்டில் மருந்தை எழுதுவதும் நான். அடியில் கையெழுத்து அவருடையது, புதன்கிழமையே போட்டது.

எங்களுக்குள் இதற்குப் பேர் 'புதன் கட்டு'. அறக்கட்டளையின் எல்லா மருந்தகத்திலும் இதே நடைமுறைதான். செயலாளருக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியும். வெற்றுச் சீட்டை அச்சடித்து அனுப்பியதே அவர்கள்தான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவள் நான்தான். பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட இது என்ன அநியாயம் என்று கேட்டதில்லை. கட்டு தீர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

காற்சட்டை போட்டதால் டாக்டர்

இங்கே ஒரு பழைய கதை. நாங்கள் இலங்கையிலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். நான் பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். தோட்டத்து மருந்துச் சாலையில் ஒரு ஐயா இருந்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. மருந்து கலந்து கொடுக்கிறவர். ஆனால் காற்சட்டை போட்டிருந்தார், கைக்கடிகாரம் கட்டியிருந்தார். எல்லோருக்கும் அவர் 'டொக்டர் ஐயா'.

அதே மருந்துச் சாலையில் பிரசவம் பார்க்க ஓர் அம்மா இருந்தார். என்னையும் என் தம்பிகளையும் கையில் ஏந்தியவர் அவர்தான். அவருக்கு ஒரு பட்டமும் கிடையாது. "அந்தப் பொம்பளைய வரச் சொல்லு" என்பார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் வெற்றிலை பாக்கு டொக்டர் ஐயா வீட்டுக்குப் போகும். பிள்ளை செத்துப் பிறந்தால் வசவு அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போகும்.

கடல் தாண்டி வந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் தங்கிப் படித்து, வெள்ளை உடுப்பு போட்ட பிறகு எனக்கு அந்த நிலைமை வராது என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பாண்டியம்மாள்

அந்த வருடம் மழை விடவே இல்லை. மலைச் சாலையில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. இரண்டு புதன்கிழமை டாக்டரால் வர முடியவில்லை. ஜீப்புகள் மட்டும் சரிவை ஒட்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தன. அலமாரியில் கையெழுத்துச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

பாண்டியம்மாள் கேரட் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். மூன்றாவது பிரசவம். காலையில் மருந்தகத்திலேயே சுகமாகப் பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக வெளியே வந்துவிட்டது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் கதவில் வந்து நின்றான். "சிஸ்டர், வெரசா வாங்க. கீழ பூராம் ரத்தமா கெடக்கு."

போய்ப் பார்த்தேன். கட்டிலிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தால் கருப்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். நனைந்த துணி மாதிரி தொளதொளவென்று இருந்தது. பிரசவம் பார்க்கிற எவளுக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அரை மணி நேரம், கூடப் போனால் ஒரு மணி நேரம்.

டாக்டரைக் கூப்பிட அந்தப் பாறைக்கு ஆளை ஓடவிட்டேன். மேகத்தில் கைப்பேசி பேசவில்லை. ஐஸ் பெட்டியில் கருப்பை சுருங்குவதற்கான ஊசி இருந்தது. போட்டேன். வயிற்றைப் பிசைந்தேன். கையில் நரம்பு பிடித்து குளுகோஸ் பாட்டிலை ஏற்றினேன். ஜீப் கொண்டுவரச் சொன்னேன்.

ஜீப்பில் ஏற்றும்போதுதான் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத வேண்டுமே என்று தோன்றியது. நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். பேர், வயது, எப்போது பிள்ளை பிறந்தது, எப்போது ரத்தம் போக ஆரம்பித்தது, என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு. அடியில், 'ஊசி போட்டது நான். தெய்வானை, செவிலியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெரிய வீரமெல்லாம் இல்லை. வேறு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டவுன் வரைக்கும் ஜீப்பில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவள் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு குழியிலும் என் தலை மேல்கம்பியில் இடித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பாண்டியம்மாள் பிழைத்தாள். பத்து நாளில் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது.

தயாராக இருந்த மன்னிப்பு

'மருத்துவரின் ஆணையின்றித் தகுதிக்கு மீறிய சிகிச்சை அளித்தது' என்று மெமோவில் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ என் தாளைக் கோப்பில் வைக்க, செயலாளர் கண்ணில் அது பட்டிருக்கிறது. டாக்டர் கையெழுத்தோடு எத்தனையோ நூறு சீட்டு நான் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

நின்றுகொண்டே பதில் சொன்ன அந்த விசாரணையின் முடிவில், செயலாளர் இன்னொரு தாளை எடுத்தார். மன்னிப்புக் கடிதம். தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். 'அறியாமையால் தவறு செய்துவிட்டேன், இனி இவ்வாறு செய்யமாட்டேன்.' அடியில் கோடு போட்டு என் பெயர்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இதோட விட்டுருவோம். இல்லேன்னா அடுத்த மாசம் குழு கூடும்போது வேலைய விட்டு எடுக்கிறதைத் தவிர வழியில்லை."

டாக்டரைப் பார்த்தேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கே ஆச்சரியம். என் வாய் அதுவரை அவரிடம் சொன்னதெல்லாம் 'சரி சார்' மட்டும்தான்.

பூண்டு குடோன்

பள்ளங்கிப் பக்கத்து மருந்தகத்தில் ரோஸ்லின் நர்ஸாக இருந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். வாய்த்துடுக்கு அதிகம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வோம். மெமோவை அவளிடம் காட்டினேன். அவள் முட்டைக்கோஸ் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு முறை படித்தாள்.

"எக்கா, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? பாண்டியம்மா செத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்களா? நீங்க ஒத்தயா போயி நின்னீங்கன்னா மிதிச்சுட்டுப் போயிருவாங்க. எல்லாரையும் கூட்டுவோம்."

அடுத்த ஞாயிறு வில்பட்டியில் அவள் கொழுந்தனாரின் பூண்டு குடோனில் கூடினோம். மருந்தகங்களிலும் ஆஸ்பத்திரி வார்டுகளிலுமாக நாங்கள் மொத்தம் பதினோரு நர்ஸுகள். பதினோரு பேரும் ஒரே இடத்தில் இருந்தது அதுதான் முதல் முறை. சங்கம் என்ற வார்த்தையைச் சொல்லவே எங்களுக்குப் பயம். 'கூடிப் பேசுறோம்' என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தோம். பூண்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். நெடி கண்ணைக் கரித்தது.

வார்டு நர்ஸ் சாந்தி பயந்தவள். ஆனால் அன்று சரியான கேள்வியைக் கேட்டது அவள்தான்.

"நம்ம பேரப் போட்டா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்மதானே கோர்ட்டு வாசல்ல நிக்கணும்? டாக்டர் கையெழுத்து இருந்தா அவரு பொறுப்புல்ல?"

எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் மெமோ என் பையில் இருந்தது.

"இப்ப மட்டும் யாரு நிக்கிறா சாந்தி? நல்லது நடந்தா அவங்க பேரு. கெட்டது நடந்தா நம்ம பேரு. அந்தச் சீட்டு நம்மளக் காப்பாத்தல. நம்மள மறைச்சு வச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டை இனி யாரும் தொடுவதில்லை. இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. வைத்தியத்தை ஒருநாளும் நிறுத்துவதில்லை, ஆனால் யார் செய்தோமோ அவர் பெயரை, நேரத்தோடு எழுதுவது. டாக்டர் இல்லாத இடத்தில் நர்ஸ் என்னென்ன செய்யலாம் என்று நிர்வாகம் எழுத்தில் தரவேண்டும். இது குற்றம் என்றால் பதினோரு பேருக்கும் மெமோ கொடுக்கட்டும்.

மனுவை ரோஸ்லின் எழுதினாள். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். சாந்தி கடைசியாகப் போட்டாள்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை வெள்ளனே எல்லாரும் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் போய் நின்றோம். மனுவை முதலில் வைத்தோம். அதன் மேல் மற்ற மருந்தகங்களில் மிச்சமிருந்த வெற்றுச் சீட்டுகள், கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு டாக்டரின் கையெழுத்து. செயலாளர் அதைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளி ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம். அப்படியானால் அது தப்பு என்று அவருக்கு எப்போதும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

பிறகு வந்த மூன்று வாரம் லேசாக இல்லை. என் பெயர் போட்ட சீட்டை மருந்துக் கடையில் திருப்பி அனுப்பினார்கள். பதினாறு வருடம் என் கையால் மாத்திரை வாங்கித் தின்ற ஒரு பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, டாக்டர் கையெழுத்தக் காணமே. இந்த மாத்திர கேக்குமா?"

"போன மாசம் கேட்டுச்சுல்ல? அதையும் நான்தான் எழுதுனேன்."

அவர் நம்பவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் அல்ல. மருந்துப் பெயரை நோட்டுத் தாளில் எழுதி, என் கைக்காசில் டவுனிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன்.

சாலை சரியானதும் புதன்கிழமை டாக்டர் வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தெய்வானை, என்னையும் சேத்துச் சிக்கல்ல மாட்டி விட்டுட்டீங்களே."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் சார். அன்னைக்கு இங்க நீங்க இருந்திருந்தா பாண்டியம்மாளுக்கு என்ன செஞ்சிருப்பீங்க?"

"அந்த ஊசிதான்."

"வேற ஏதாச்சும்?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்க செஞ்சதத்தான் செஞ்சிருப்பேன்."

"அதை அங்க சொல்லுங்க சார்."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார்.

வழவழப்பான தாளில்

குழு கூடிய நாளில் நான் தனியாகப் போகவில்லை. பதினோரு பேரும் போனோம். டியூட்டியில் இருந்தவர்கள்கூட அரை மணி நேரம் மாற்றி விட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி அதே மேஜை. அதே மன்னிப்புக் கடிதம். செயலாளர் பேனாவின் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

ரோஸ்லின் முன்னால் வந்தாள். கையில் அறக்கட்டளையின் ஆண்டு மலர். வெளியூரில் நன்கொடை கொடுப்பவர்களுக்கு அனுப்புவதற்காக வழவழப்பான தாளில் அச்சடித்தது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையிலிருந்து எடுத்து வந்திருந்தாள். நடுப்பக்கத்தைத் திறந்து கடிதத்தின் மேல் வைத்தாள்.

பாண்டியம்மாள், மடியில் பிள்ளையோடு. யாரோ சிரிக்கச் சொல்லி, அவள் கூச்சத்தோடு சிரித்த படம். கீழே எழுதியிருந்தது: 'எங்கள் மருத்துவர்களின் உடனடி சிகிச்சையால் உயிர் பிழைத்த மலைக் கிராமத் தாய்.'

எனக்கு அப்போதுதான் அது தெரியும். காது இரண்டும் சூடாகிவிட்டது. எனக்கு மெமோ தட்டச்சு செய்த அதே வாரத்தில், அதே அலுவலகத்தில்தான் இதையும் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

"சார், அந்த ஊசி தப்புன்னா இந்தப் படம் எதுக்கு? படம் சரின்னா இந்த மெமோ எதுக்கு?" என்றாள் ரோஸ்லின்.

"அது வேற, இது வேற" என்றார் செயலாளர்.

நான் டாக்டரைப் பார்த்து, "எந்த மருத்துவர் சார்?" என்று கேட்டேன். நான் கத்தவில்லை என்று நினைத்தேன். கத்தினேன் என்று சாந்தி பிறகு சொன்னாள்.

டாக்டர் மலரைத் தன் பக்கம் இழுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். "நான் அங்க இல்ல. எங்க டாக்டர் யாருமே இல்ல. தெய்வானை செஞ்ச வைத்தியம் சரியான வைத்தியம்" என்றார். பதினாறு வருடத்தில் அவர் எனக்காகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதத்தை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கம்பளி

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ரத்தப்போக்கு, வலிப்பு, பாம்புக்கடி மாதிரியான அவசரத்தில் டாக்டர் இல்லாவிட்டால் நர்ஸ் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல். புதுச் சீட்டு அச்சாகி வந்தது. அதில் 'சிகிச்சை அளித்தவர்' என்று ஒரு தனிக் கோடு. புதன் கட்டு ஒழிந்தது.

அதே உறையில் எனக்கு மட்டும் இன்னொரு தாள் இருந்தது. 'நிர்வாக வசதியை முன்னிட்டு' டவுன் ஆஸ்பத்திரியின் துணி அறைக்கு மாற்றம். படுக்கை விரிப்பு, கம்பளி, உறை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வேலை. பதினோரு பேரும் மறுபடி மனுக் கொடுத்தோம். பதில் வரவில்லை. நோயாளியைத் தொடாத நர்ஸாக, எதிலும் பெயர் எழுதத் தேவையில்லாத ஒரே நர்ஸாக என்னை ஆக்கினார்கள். செயலாளர் கெட்டிக்காரர்.

அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் அவசரப் பிரிவுக்குக் கம்பளி கேட்டார்கள். எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளங்கிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு. முகம் வெளிறிப்போயிருந்தது. புதிதாக வந்த இளம் டாக்டர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். 'சிகிச்சை அளித்தவர்: ரோஸ்லின், செவிலியர்.' ஊசி, அளவு, நேரம், எல்லாம் இருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அதற்கு மேல் என்ன செய்வதோ அதைச் செய்ய ஆரம்பித்தார்.

"நல்ல நர்ஸ் இருக்காங்க மலையில" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கம்பளிய வச்சிட்டுக் கெளம்புங்கம்மா" என்றார்.

கம்பளியைப் போர்த்தினேன். கிளம்பவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் முழுசாக இறுகவில்லை. இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறி முடிகிறவரை பிசைந்து அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். எல்லாருக்கும் வேலை இருந்தது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. கருப்பை கல்லாக இறுகிய பிறகு கையை எடுத்துவிட்டுத் துணி அறைக்குத் திரும்பினேன்.

அந்தச் சீட்டில் அதை யாரும் எழுதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அது நான்தான். தெய்வானை, செவிலியர்.